நாவல்பழ நிறத்தில் ஒரு கல்!

தாராவியில் என் பக்கத்து அறையில் குடியிருக்கும் நண்பர் நெல்லைச் சீமைக்காரர். தனியார் அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. தீபாவளி போனஸ் கைக்கு வந்த வாரத்தில் ஒரு நாள் மாலை என் அறைக் கதவைத் தட்டினார். அவருடைய நடுவிரலில் புது வெள்ளி மோதிரம். அதில் ஊதா நிறக் கல் ஒன்று பளபளத்தது.

“அண்ணாச்சி, பாத்தீங்களா? ஏழரைச் சனி நடக்குதுல்லா! ‘ஊதா நீலம்’னு சொல்லிக் கொடுத்தாரு. அசல் நீலம்னா லட்சக்கணக்குல ஆகுமாம். இது போனஸோட போச்சு” என்றார்.

போனஸ் என்றால் அவருக்கு ஒரு மாதச் சம்பளம். ஊரில் படிக்கும் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்று எடுத்து வைத்திருந்த பணம்.

அடுத்த சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் அவரை ஜவேரி பஜார் பக்கம் அழைத்துப் போனேன். அங்கே ஒரு சந்தில் வயதான தமிழ்ப் பத்தர் ஒருவர் கல் பதிக்கும் வேலை செய்கிறார். அவர் மோதிரத்தை வாங்கி, வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“கல்லு அசல்தான், தம்பி. அதுக்குச் சொன்ன பேருதான் பொய். இது நீலம் இல்லே, செவ்வந்திக்கல். நீங்க கொடுத்த பணத்துல பத்துல ஒரு பங்குகூட இது பெறாது” என்றார்.

நண்பரின் முகம் வாடிவிட்டது. கல் போலியாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அசல் கல்லைக் கொடுத்தே ஏமாற்றியிருக்கிறார்கள்!

இந்தக் கல்லைப் பற்றி நாலு விஷயம் தெரிந்திருந்தால் அவர் ஏமாந்திருக்க மாட்டார். வாசகர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றே இந்தக் கட்டுரை.

பெயர் பல, கல் ஒன்று

தமிழில் இதற்கு செவ்வந்திக்கல் என்று பெயர். கடைகளில் ‘அமெதிஸ்ட்’ என்பார்கள். இந்திக்காரர்கள் ‘ஜமுனியா’ என்கிறார்கள். ஜாமுன் என்றால் நாவல்பழம். மழைக்காலம் தொடங்கும் வேளையில் தாதர் ஸ்டேஷன் வாசலில் கூறு கட்டி விற்பார்களே, அதே பழம்தான்! அந்தப் பழத்தின் நிறம் இந்தக் கல்லில் இருப்பதால் அந்தப் பெயர். ‘கட்டேலா’ என்றும் சிலர் சொல்வது உண்டு.

அமெதிஸ்ட் என்பது கிரேக்கச் சொல். அதற்கு ‘போதை ஏறாதது’ என்று பொருள். இந்தக் கல்லை அணிந்தவருக்கும், இந்தக் கல்லில் செய்த கிண்ணத்தில் குடிப்பவருக்கும் போதை ஏறாது என்று அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் நம்பினார்களாம்.

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் பிளினி, இதை மந்திரவாதிகளின் வீண் பேச்சு என்று அப்போதே ஒதுக்கிவிட்டார். அதே பிளினி, ஊதாக் கற்களில் முதலிடம் இந்தியாவில் கிடைப்பவற்றுக்கே என்றும் எழுதி வைத்திருக்கிறார். கல்லைப் புகழ்ந்தார், கல்லின் பெயரால் சொன்ன பொய்யை ஒப்புக்கொள்ளவில்லை.

ஆற்று மணலின் உடன்பிறப்பு

செவ்வந்திக்கல் குவார்ட்ஸ் இனத்தைச் சேர்ந்தது. குவார்ட்ஸ் என்பது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த சிலிக்கா என்னும் பொருள். நம் ஊர் ஆற்று மணலில் பெரும்பகுதி இதுதான். நிறமில்லாமல் தெளிவாக இருந்தால் ஸ்படிகம். ஊதாவாக இருந்தால் செவ்வந்திக்கல்.

கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை எண்ணிட்டுச் சொல்வார்கள். வைரத்துக்கு 10. நீலத்துக்கும் மாணிக்கத்துக்கும் 9. செவ்வந்திக்கல்லுக்கு 7. கண்ணாடியைக் கீறும், நீலத்தைக் கீற முடியாது.

எடையிலும் வித்தியாசம் உண்டு. செவ்வந்திக்கல் தண்ணீரைப் போல 2.65 மடங்கு கனம். நீலம் 4 மடங்கு கனம். ஒரே அளவுள்ள இரண்டு கற்களைத் தராசில் வைத்தால், நீலம் ஒன்றரை மடங்கு எடை நிற்கும். இரண்டும் வேறு வேறு கற்கள் என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டியதில்லை. ‘ஊதா நீலம்’ என்று பெயர் வைப்பதால் செவ்வந்திக்கல் நீலமாகிவிடாது. ஊதா நிறத்தில் உண்மையான நீல இனக் கல்லும் அபூர்வமாக உண்டு. ஆனால் அது போனஸ் பணத்துக்குள் அடங்காது!

நிறம் தந்தது இரும்பு

வெள்ளை ஸ்படிகமாக இருக்க வேண்டிய கல்லுக்கு ஊதா நிறம் எப்படி வந்தது?

காரணம் இரும்பு! பத்து லட்சம் பங்கில் சில பத்துப் பங்கு இரும்பு கலந்தாலே போதும். ஆனால் இரும்பு மட்டும் இருந்தால் இந்த நிறம் வராது. பூமிக்குள் சுற்றிலும் உள்ள பாறைகளில் கதிரியக்கப் பொருள்கள் சிறிதளவு இருக்கும். அவற்றிலிருந்து வரும் காமாக் கதிர்கள் லட்சக்கணக்கான ஆண்டுகள் கல்லின் மேல் பாய்கின்றன. அதனால் இரும்பு அணுவின் நிலை மாறி, ஊதா நிறம் தோன்றுகிறது. கதிர் கல்லை மாற்றுகிறதே தவிர, கல் கதிர் வீசுவதில்லை. ஆகவே அணிபவர் பயப்பட வேண்டியதில்லை.

இப்படி வந்த நிறம் சூட்டில் போய்விடும். சுமார் 400 டிகிரிக்கு மேல் காய்ச்சினால் பெரும்பாலான செவ்வந்திக்கற்கள் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறிவிடுகின்றன. சில கற்கள் வெளுத்துவிடும். சில சுரங்கத்துக் கற்கள் பச்சையாகவும் மாறும்.

கடைகளில் ‘சுனேலா’ என்று விற்கும் மஞ்சள் கற்களில் பெரும்பகுதி, உலையில் சூடு காட்டிய செவ்வந்திக்கற்களே. நீலம் வாங்க முடியாதவருக்கு ஊதாக் கல், புஷ்பராகம் வாங்க முடியாதவருக்குச் சுனேலா என்று விற்கிறார்கள். சனிக்குப் போகும் கல்லே சூடு பட்டதும் குருவுக்குப் போய்விடுகிறது!

கர்ஜத் தாண்டினால் தெரியும்

இந்தக் கல் எங்கே, எப்படி உண்டாகிறது என்று அறிய மும்பைத் தமிழர்கள் வெகுதூரம் போக வேண்டாம். ஊருக்குப் போகும் ரயிலில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால் போதும்.

கர்ஜத்தில் பல வண்டிகளுக்குப் பின்னால் கூடுதல் எஞ்சின் மாட்டி மலை ஏற்றுவார்கள். வடாபாவ் சாப்பிட்டுக் கைகழுவும் நேரத்தில் வண்டி மலைப்பாதையில் நுழைந்துவிடும். அப்போது வெளியே பாருங்கள். கரும்பாறை, படிப்படியாக அடுக்கி வைத்தாற்போல் தெரியும். அது பூமியின் பிளவுகளிலிருந்து வழிந்த எரிமலைக் குழம்பு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, ஒன்றின்மேல் ஒன்றாக வழிந்து உறைந்தது. இன்றைக்கும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டரில் அந்தப் பாறை பரந்து கிடக்கிறது. அஜந்தாவும் எல்லோராவும் இந்தப் பாறையில் குடைந்தவையே.

குழம்பு உறையும்போது அதற்குள் அகப்பட்ட ஆவி குமிழிகளாக நின்றுவிடும். இட்லியை விண்டால் தெரியும் சிறு துளைகளைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில், சிலிக்கா கரைந்த நிலத்தடி நீர் அந்தப் பொந்துகளில் மெல்ல மெல்லக் கசிகிறது. முதலில் சுவர் ஓரமாக அகேட் என்னும் வரிக்கல் படிகிறது. அதன்மேல், உள்நோக்கி, கூரான முனைகளோடு படிகங்கள் வளர்கின்றன. இதற்கு எரிமலைச் சூடு தேவையில்லை. கொதிநீரைவிடக் குறைந்த சூடே போதும். காலம்தான் ஏராளமாக வேண்டும். நீரில் இரும்பு இருந்து, பாறையின் கதிரும் பட்டால் படிகம் ஊதாவாகும்.

வெளியே பார்த்தால் அழுக்கான உருண்டைக் கல். உடைத்தால் உள்ளே மின்னும் குகை! புனே, நாசிக், ஜல்காவ்ன் வட்டாரங்களில் கல் குவாரிகளிலும் கிணறு வெட்டும் இடங்களிலும் இத்தகைய படிகப் பொந்துகள் வெளிப்படுவது உண்டு. அஜந்தாவுக்குப் போனவர்களை, இரண்டாகப் பிளந்த படிக உருண்டைகளோடு வியாபாரிகள் சூழ்ந்துகொண்டதும் நினைவிருக்கலாம்.

நொய்யல் கரையில்

நம் ஊருக்கும் இந்தக் கல்லுக்கும் பழைய உறவு உண்டு. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் என்று ஒரு சிற்றூர். பதிற்றுப்பத்தில் ‘கொடுமணம்’ என்று வருவது இந்த ஊரே என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். 1985-ஆம் ஆண்டு முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட அமைப்புகள் அங்கே அகழாய்வு செய்தன. மணி செய்யும் தொழிற்கூடங்கள் இருந்ததற்கான தடயங்கள் வெளிப்பட்டன. பச்சைக்கல், ஸ்படிகம், சூதுபவளம் ஆகியவற்றோடு செவ்வந்திக்கல் மணிகளும் கிடைத்தன.

காங்கயம், கரூர் வட்டாரம் இன்றைக்கும் கற்களுக்குப் பெயர் போனது. சேர நாட்டுத் துறைமுகத்திலிருந்து கரூர் வழியாகக் கீழ்க்கடற்கரைக்குப் போன பெருவழியில்தான் கொடுமணல் இருந்தது. கல்லைத் துளையிட்டு மணியாக்கிய அந்தத் தொழிலாளியின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அவனுடைய கைவேலை 2000 ஆண்டுகளுக்குப் பின்னும் மங்காமல் மண்ணுக்குள்ளிருந்து வந்திருக்கிறது.

விலை ஏன் இறங்கியது?

ஒரு காலத்தில் செவ்வந்திக்கல்லை மாணிக்கம், மரகதம், நீலம் ஆகியவற்றோடு சமமாக வைத்து மதித்தார்கள். கத்தோலிக்க ஆயர்கள் அதை மோதிரத்தில் அணிந்தார்கள். பிரிட்டிஷ் மன்னரின் செங்கோலில், உலகப் புகழ் பெற்ற கல்லினன் வைரத்துக்கு மேலே இருப்பதும் ஒரு செவ்வந்திக்கல்தான்.

பிறகு விலை ஏன் சரிந்தது? அதற்குக் காரணமானவர்கள், பிழைப்புத் தேடிக் கடல் கடந்த சிலர்!

ஜெர்மனியில் ஈடார்-ஓபர்ஸ்டைன் என்று ஓர் ஊர். தலைமுறை தலைமுறையாகக் கல் பட்டை தீட்டுவதே அங்கே தொழில். உள்ளூரில் கல் குறைந்து தொழில் நலிந்தபோது பலர் ஊரைவிட்டுப் புறப்பட்டார்கள். அவர்களில் சிலர் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரேசில் நாட்டின் தென்கோடிக்குப் போனார்கள். அங்கே வயல்களிலும் ஓடைகளிலும் கேட்பாரற்றுக் கிடந்த கற்களைப் பார்த்ததும், ஊர்த் தொழில் தெரிந்த கண்கள் அடையாளம் கண்டுகொண்டன. கற்கள் கப்பல் கப்பலாக ஈடாருக்குப் போயின.

தென் பிரேசிலும் உருகுவேயும் நம் தக்காணத்தைப் போலவே எரிமலைப் பாறைப் பூமி. நம்முடையதைவிட இரு மடங்கு வயதானது. அங்கே ஆள் உயரத்துக்கும் மேலான ஊதாப் படிகக் குகைகள் கிடைக்கின்றன. உருகுவேயில் எடுத்த ஒன்று ஆஸ்திரேலியாவில் காட்சிக்கு இருக்கிறது. ‘உருகுவேயின் பேரரசி’ என்று பெயர். உயரம் 3.27 மீட்டர்!

இத்தனை கல் சந்தைக்கு வந்தால் விலை நிற்குமா? ராஜாக்கள் அணிந்த கல் சாமானியர் கைக்கு வந்துவிட்டது. அழகு குறையவில்லை, அருமைதான் குறைந்தது. இன்று சாம்பியா முதலிய ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் ஏராளமாக வருகிறது. சாதாரணச் செவ்வந்திக்கல் காரட் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். 1 காரட் என்பது 200 மில்லிகிராம்.

லண்டனில் ஒரு ‘நீலம்’

செவ்வந்திக்கல்லை நீலம் என்று சொல்லும் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ‘டெல்லி ஊதா நீலம்’ என்று ஒரு கல் இருக்கிறது. உண்மையில் அது செவ்வந்திக்கல்!

1857-இல் கான்பூரில் இந்திரன் கோயில் ஒன்றில் கொள்ளையடிக்கப்பட்டு, ஃபெரிஸ் என்ற ராணுவ அதிகாரி மூலம் இங்கிலாந்து போனதாகக் கதை. எட்வர்ட் ஹெரான்-ஆலன் என்ற அறிஞரின் கைக்கு 1890-இல் வந்தது. தொட்டவரை எல்லாம் துன்பம் தொடர்ந்தது என்றும், கால்வாயில் எறிந்தும் தன்னிடமே திரும்பி வந்துவிட்டது என்றும் அவர் 1904-இல் ஒரு கடிதம் எழுதி, கல்லோடு பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். 1943-இல் அவர் காலமான பிறகு அந்தக் கல் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது.

படிக்க மயிர்க்கூச்செறிகிறது அல்லவா? ஆனால் ஒன்றையும் கவனிக்க வேண்டும். இதே மனிதர் 1921-இல் ‘ஊதா நீலம்’ என்னும் தலைப்பில் புனைபெயரில் ஒரு சிறுகதை வெளியிட்டார். சாபமும் அவருடைய கற்பனைதான் என்று கருதுவோர் உண்டு. டெல்லியிலிருந்து வந்ததாகவும் கதை இல்லை. கல் நீலமும் இல்லை. பெயரில் உண்மையானது ‘ஊதா’ என்ற ஒரு சொல்தான்!

வாங்கும் முன் கவனியுங்கள்

நகைக்கும் மணிமாலைக்கும் செவ்வந்திக்கல் ஏற்றது. பெரிய படிகப் பாளங்கள் வீட்டு அலங்காரத்துக்குப் போகின்றன. நம் கைக்கடிகாரத்தில் ‘குவார்ட்ஸ்’ என்று எழுதியிருக்கிறதே, அதற்குள் இருப்பதும் இதே இனம்தான். ஆனால் அது தொழிற்சாலையில் வளர்த்த நிறமற்ற படிகம். வினாடிக்கு 32,768 தடவை அதிர்ந்து நேரம் காட்டுகிறது.

அதே முறையில் செவ்வந்திக்கல்லையும் தொழிற்சாலையில் வளர்க்கிறார்கள். கனத்த எஃகுக் கலத்தில், மிகுந்த அழுத்தத்தில், சூடான நீர்க்கரைசலில் சில வாரங்களில் படிகம் வளர்ந்துவிடும். இரும்பு கலந்து, காமாக் கதிர் காட்டினால் ஊதா நிறம் தயார். 1970-களிலிருந்து இத்தகைய கற்கள் சந்தையில் இருக்கின்றன. வெறும் கண்ணால் வித்தியாசம் காண முடியாது.

ஆகவே சில யோசனைகள்:

வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள். இயற்கைக் கல்லில் பெரும்பாலும் நிறம் ஒரே சீராக இராது. ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் வெளிறியும் பட்டை பட்டையாகத் தெரியும்.

உள்ளே சிறு காற்றுக் குமிழிகள் உருண்டையாகத் தெரிந்தால் கண்ணாடியாக இருக்கலாம்.

ரத்திக் கணக்கில் விலை சொன்னால், காரட் கணக்கில் எவ்வளவு என்று கேளுங்கள். கல்லின் பெயரை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். ‘ஊதா நீலம்’ என்று வாயால் சொல்பவர், அதைக் காகிதத்தில் எழுதத் தயங்குவார்.

பெரிய தொகை என்றால் பரிசோதனைக்கூடச் சான்று இல்லாமல் வாங்காதீர்கள். மும்பையிலும் ஜெய்ப்பூரிலும் அதற்கான கூடங்கள் இருக்கின்றன.

வாங்கிய பின், நீண்ட நேரம் கடும் வெயிலில் வைக்க வேண்டாம், நிறம் வெளுக்கக்கூடும். அடுப்புச் சூடும் ஆகாது. தூசியோடு தேய்க்காமல், வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவினால் போதும்.

இன்னொரு விலை

இந்தக் கல்லுக்கு நாம் கொடுக்கும் விலையைத் தவிர வேறொரு விலையும் உண்டு. குஜராத்தில் கம்பாத் என்னும் ஊரில் குவார்ட்ஸ் இனக் கற்களைத் தேய்த்து மணியாக்குவது மிகப் பழைய குடிசைத் தொழில். கல்லை உலர்வாகத் தேய்க்கும்போது பறக்கும் நுண்தூசி நுரையீரலில் தங்கிவிடுகிறது. அதனால் வரும் சிலிக்கோசிஸ் நோய்க்கு முழுக் குணம் இல்லை. அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் இதை ஆராய்ந்து சொல்லியிருக்கிறது. தண்ணீர் விட்டுத் தேய்ப்பதும், தூசியை உறிஞ்சும் சாதனம் வைப்பதும் ஆபத்தைப் பெருமளவு குறைக்கும். கட்டட வேலையிலும் கல் குவாரியிலும் இருக்கும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் மூச்சில் கலப்பதும் அதே சிலிக்காத் தூசிதான்.

கல்லில் அதிர்ஷ்டம் உண்டா இல்லையா என்பது அவரவர் நம்பிக்கை. அதில் நாம் தலையிட வேண்டாம். ஆனால் கல்லின் பெயரும் விலையும் நம்பிக்கைக்கு உரியவை அல்ல. அவை தராசுக்கும் லென்ஸுக்கும் ரசீதுக்கும் உரியவை.

நண்பரின் பணம் திரும்பவில்லை. அவரிடம் ரசீது இல்லை. மகளின் கட்டணத்துக்கு அலுவலகக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கினார். மோதிரத்தை மட்டும் எறிந்துவிடவில்லை. பத்தரிடம் கொடுத்துக் கல்லைக் கழற்றி, மகளுக்கு ஒரு சின்னத் தொங்கலாகச் செய்யச் சொன்னார்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அதைப் பெட்டியில் பத்திரமாக எடுத்து வைத்தார்.

“என்ன சொல்லிக் கொடுப்பீங்க?” என்று கேட்டேன்.

“உள்ளதைச் சொல்லித்தான் கொடுப்பேன், அண்ணாச்சி. நாவப்பழக் கல்லுன்னு” என்றார்.